அக்காவை பத்திரமா வெளிய கூட்டிட்டு வரணும், எப்படின்னு தெரியல

மூத்தவளோட_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க இதுக்கு முன்னாடி பைக் பத்தி, பிஎஃப் பத்தியெல்லாம் கேட்டிருக்கேன், இப்படி ஒண்ணு கேக்க வேண்டி வரும்னு நினைச்சதே இல்ல. என் அக்காவுக்கு 31 வயசு, கல்யாணம் ஆகி 7 வருஷம், 4 வயசுல ஒரு பொண்ணு, எல்கேஜி படிக்குது. நாங்க ரெண்டு குடும்பமும் சென்னைலதான், பஸ்ல ஒரு மணி நேர தூரம். போன வாரம் எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க, அதுக்கு அக்கா வந்துச்சு. இந்த புழுக்கத்துல துப்பட்டாவை கழுத்தை சுத்தி போட்டிருந்துச்சு. என்னன்னு கேட்டா கதவுல இடிச்சுக்கிட்டேன்னுச்சு. கழுத்துல எவன் கதவை இடிச்சுக்குவான்? அப்புறம் கிச்சன்ல என் வொய்ஃப் கிட்ட மட்டும் சொல்லியிருக்கு, அடிக்கிறது மூணு நாலு வருஷமா நடக்குதாம், கழுத்தை பிடிச்சது இது ரெண்டாவது தடவையாம், ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிடுச்சாம். அந்தாளை மாமான்னு கூப்பிட இப்ப எனக்கு வாய் வரல.

வீடு மாமியார் பேர்ல, அவங்களும் கூடவே இருக்காங்க. அக்காவோட போன் அந்தாள் வாங்கி குடுத்தது, ஜிமெயில் கூட அவரே போட்டு குடுத்தது, தினமும் நைட்டு எடுத்து பாப்பாராம். மாசா மாசம் வர்ற மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய், அந்த ஏடிஎம் கார்டு கூட மாமியார் பர்ஸ்ல. நகை அவங்க பீரோல. அக்கா முன்னாடி ஒரு கடைல பில்லிங்ல இருந்துச்சு, குழந்தை பொறந்ததும் நிறுத்திட்டாங்க.

அப்பா இல்ல. அம்மா கிட்ட சொன்னா "குழந்தை மூஞ்சிய பாத்து பொறுத்துக்க சொல்லு"ன்றாங்க, சொல்லிட்டு அவங்களே உக்காந்து அழுவுறாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் ஒரு டாடா ஏஸ் எடுத்துட்டு போய் அக்காவையும் பாப்பாவையும் சாமானோட ஏத்திட்டு வந்துடலாம்னு இருக்கேன், அந்தாள் குறுக்க வந்தா பாத்துக்கலாம். நான் கேக்க வந்தது, முன்னாடியே ஸ்டேஷன்ல சொல்லிட்டு போகணுமா இல்ல கூட்டிட்டு வந்துட்டு சொல்லணுமா? ஏரியா பேரெல்லாம் கீழ போட்டிருக்கேன், அந்த பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க.

நல்லதே_நினை:

தம்பி கோபத்துல முடிவு எடுக்காதீங்க. எல்லா வீட்லயும் இருக்கிறதுதான். ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பெரியவங்க பேசினா சரியாகிடும், ஒரு பொம்பளை புள்ளைய வெச்சுக்கிட்டு தனியா என்ன பண்ணுவாங்க, யோசிச்சு பாருங்க.

மறுபடியும்_நான்:

தம்பி, முதல் வேலையா அந்த ஏரியா பேரு, ஸ்கூல் பேரு, குழந்தையோட வயசு எல்லாத்தையும் போஸ்ட்ல இருந்து எடுங்க. அவரும் போன் நோண்டுற ஆளு. யார் எங்க படிப்பாங்கன்னு சொல்ல முடியாது.

ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை போகாதீங்க. தயவு செஞ்சு போகாதீங்க.

நான் இதுல இருந்து வந்தவ, வெளிய வந்து நாலு வருஷம் ஆச்சு. எனக்கும் முதல் தடவை இப்படித்தான் நடந்துச்சு, எங்கப்பா, சித்தப்பா, தெருவுல ரெண்டு அண்ணனுங்க எல்லாம் வேன்ல வந்து இறங்கினாங்க, வாசல்ல சத்தம், பக்கத்து ஃப்ளாட்டெல்லாம் எட்டிப் பாக்குது, அவர் அப்படியே பூனை மாதிரி ஆயிட்டாரு, கால்ல விழாத குறை, இனிமே கை நீட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்தாரு, எங்கப்பாவும் மனசு இளகி காபி குடிச்சிட்டு கிளம்பிட்டாரு. வேன் தெரு முனை திரும்பியிருக்காது, கதவை சாத்தி தாழ்ப்பாள் போட்டாரு. அன்னைக்கு ராத்திரி நடந்ததை நான் இங்க எழுதப் போறதில்ல. ஆள் படையோட போனா அவருக்கு புரியறது ஒண்ணே ஒண்ணுதான், இவ வெளிய சொல்லிட்டா, இவ போகப் போறான்னு. அந்த நேரம்தான் எல்லாத்துலயும் ஆபத்தான நேரம். அடிக்கிறவன் பொண்டாட்டி வீட்ல இருக்கும்போது பண்றதை விட அவ கிளம்புறான்னு தெரிஞ்சா, கிளம்பி போன புதுசுல, அப்பதான் ரொம்ப மோசமா போவான். அதனால கிளம்புறது தெரியாமதான் கிளம்பணும்.

மூணாவது, இதுதான் ரொம்ப முக்கியம். கழுத்தை பிடிச்சான்னு சொன்னீங்களே, அதை அறையோட குத்தோட சேத்து எண்ணாதீங்க. கழுத்தை நெரிக்கிறவன் பின்னாடி உயிரை எடுக்கிற அளவுக்கு போறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம்னு இந்த வேலைல இருக்கிற கவுன்சிலர்ங்க எல்லாரும் சொல்லுவாங்க, என்கிட்ட முதல்ல கேட்ட நாலு கேள்வில அது ஒண்ணு. மத்த மூணு, கொன்னுடுவேன்னு சொல்லியிருக்காரா, தற்கொலை பண்ணிக்குவேன்னு மிரட்டுறாரா, போகப் போக அதிகமாகுதா. உங்க வொய்ஃப் மூலமா மெதுவா கேக்க சொல்லுங்க. போன்ல வேணாம், நேர்ல.

நான் ரெண்டாவது தடவை எப்படி வந்தேன்னு சொல்றேன், அப்படியே காப்பி அடிக்க சொல்லல, உங்க அக்காவுக்கு அவங்க வீடு தெரியும், அவர் மூடு தெரியும், அவங்கதான் நாள் குறிக்கணும், நீங்களோ நானோ இல்ல. எங்க தெரு முனைல ஒரு டெய்லர் அக்கா கடை. ப்ளவுஸ் தைக்க குடுக்கிற மாதிரி கவர்ல துணிக்கு அடில ஒவ்வொரு பேப்பரா கொண்டு போய் குடுத்தேன். ஆதார், என் பத்தாவது பன்னெண்டாவது மார்க் ஷீட், குழந்தையோட பர்த் சர்டிபிகேட், தடுப்பூசி கார்டு, பாஸ்புக், கல்யாண பத்திரிகை ஒண்ணு, நகை போட்டு எடுத்த ரிசப்ஷன் ஃபோட்டோ, நகைக்கடை பில் ரெண்டு. ஒரே நாள்ல எடுத்தா பீரோல இடம் காலியா தெரியும், அதனால மூணு மாசம். எடுக்க முடியாததை எங்க அண்ணி போன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சாங்க. காய்கறி வாங்குற காசுல இருபது முப்பதுன்னு சேத்தது 2300 ரூபாய், அதுவும் அந்த டெய்லர் கடை ஊசி டப்பாவுலதான்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரு வார்த்தை பேசி வெச்சிருந்தோம், "கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டியா"ன்னு மெசேஜ் போட்டா இங்க நிலைமை சரியில்ல, உடனே போலீஸை கூப்பிடுன்னு அர்த்தம். அவர் பாத்தாலும் சிலிண்டர்தானேன்னு விட்டுடுவாரு. குழந்தைக்கு சண்டை நடுவுல வராத, எதிர் வீட்டு ஆயா கிட்ட ஓடுன்னு மட்டும் விளையாட்டு மாதிரி சொல்லி வெச்சிருந்தேன். அம்மாவை காப்பாத்த சொல்லி குழந்தை தலைல வெக்கக்கூடாது. சத்தம் ஏற ஆரம்பிச்சா நான் கிச்சனுக்கு போக மாட்டேன், அங்க கத்தி இருக்கு, அடுப்பு இருக்கு. பாத்ரூமும் வேணாம், ஒரே கதவு. ஹால்ல வாசப்பக்கமா நகர்ந்துடுவேன்.

கிளம்பினது ஒரு செவ்வாக்கிழமை காலைல பத்தே கால். குழந்தையோட ஸ்கூல் பேக், தோள்ல ஒரு ஹேண்ட்பேக், அவ்ளோதான். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு வாங்காத காலம் வந்துடுச்சு, கண்டக்டர் ஃப்ரீ டிக்கெட்டை கிழிச்சு கைல குடுத்தப்ப எனக்கு கை நடுங்கிச்சு. சாமான் எதுவும் எடுக்கல. மிக்ஸி, கட்டில், பீரோ எல்லாம் பின்னாடி வரும், வராட்டி போகட்டும். டாடா ஏஸ் கனவை விட்டுடுங்க.

நல்லதே_நினைக்கு ஒரு வார்த்தை. எல்லா வீட்லயும் இல்ல, ஆனா நிறைய வீட்ல இருக்கு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்கள்ல நூத்துக்கு 38 பேர் புருஷன் கிட்ட வன்முறை அனுபவிச்சிருக்கோம்னு சொல்லியிருக்காங்க. நிறைய வீட்ல இருக்குன்றதால அது சரியாயிடுமா? பெரியவங்க உக்கார வெச்சு பேசினதைத்தான் மேல எழுதியிருக்கேன். அவரை பக்கத்துல வெச்சுக்கிட்டு அவ என்னத்த வாய் திறப்பா?

நைட்_டூட்டி:

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், நிறைய வருஷமா. மேல மறுபடியும்_நான் கழுத்தை பத்தி சொன்னதுக்கு கூட ஒண்ணு சேக்கிறேன். வெளிய அடையாளமே இல்லாம உள்ள அடிபட்டிருக்கலாம். கண்ணு இருட்டிச்சுன்னு சொல்லியிருக்காங்க, அதனால நாள் ஆச்சேன்னு விடாம காட்டணும். குரல் மாறியிருக்கா, முழுங்க வலிக்குதா, கண்ணு வெள்ளைல சிவப்பு புள்ளி இருக்கா, தலைவலி, மயக்கம், அப்ப தெரியாம யூரின் போயிடுச்சான்னு கேளுங்க (வெக்கப்பட்டு சொல்ல மாட்டாங்க, டாக்டருக்கு அது முக்கியம்). மூச்சு விட கஷ்டம், கை கால் ஒரு பக்கம் மரத்துப் போறது, பேச்சு குழறுறது இருந்தா நேரா 108.

கேஷுவாலிட்டில போய் என்ன சொல்றாங்களோ அதுதான் ஏ.ஆர்.ல ஏறும். ஏ.ஆர்.னா ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர். கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா கதவுதான் ஏறும், நாளைக்கு கோர்ட்ல அந்த பேப்பரை எதிர் வக்கீல் எடுத்து நீட்டுவாரு. புருஷன் கழுத்தை கையால நெரிச்சாருன்னு அப்படியே சொல்லணும், எந்த கை, எத்தனை தடவை, எப்பன்னு. ஏ.ஆர். போட்டா ஸ்டேஷனுக்கு தகவல் போகும், இதையும் தெரிஞ்சுக்கிட்டு போகட்டும். அன்னைக்கே வீட்டுக்கு திரும்பிப் போற மாதிரி இருந்தா அது ஆபத்து, அதனால அந்த நாளையும் பிளான்ல சேத்துக்குங்க. கூட வர்றது வேற யாராவது பொம்பளையா இருந்தா நல்லது. புருஷன் கூட வந்தா அவரை வெளிய நிக்க வெச்சுட்டு தனியா கேக்கிற சிஸ்டர் எல்லா ஷிப்ட்லயும் இருக்க மாட்டாங்க.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டை பாத்தவங்களுக்கு இந்த விஷயத்துல பொறுமையே இருக்காது. பால் காய்ச்சும்போது பத்திக்கிச்சுன்னு சொல்லுவாங்க, பக்கத்துல மாமியார் நிப்பாங்க. அங்க தீக்காயத்துல இருந்து மீண்டு வர்ற பொண்ணுங்களுக்காக பிசிவிசின்னு ஒரு அமைப்பு ரொம்ப காலமா வேலை பண்றாங்க, 2001ல சென்னைல ஆரம்பிச்சது, குடும்ப வன்முறைக்கு ஹெல்ப்லைன், தங்குற இடம், கவுன்சிலிங் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. பேசிப் பாருங்க.

கோர்ட்_வராண்டா:

நான் வக்கீல், ஃபேமிலி மேட்டர்ஸ் பாக்கிறேன். பொதுவா சொல்றேன், அக்காவோட பேப்பர் பாக்காம இதுக்கு மேல சொல்லக்கூடாது.

கேட்ட கேள்விக்கு முதல்ல பதில். உயிருக்கு ஆபத்துன்ற நிமிஷத்துல 112, 100 எதா இருந்தாலும் சரி. அவசரம் இல்லாம ஆலோசனை கேக்கணும்னா பெண்கள் உதவி எண் 181, பகல் ராத்திரி எப்ப வேணா, அதை நீங்களே உங்க போன்ல இருந்து அக்காவுக்காக கூப்பிட்டு பேசலாம், அக்கா பேசணும்னு இல்ல. குடும்ப வன்முறை சட்டம் 2005ல 4வது பிரிவே அதுதான், தெரிஞ்சவங்க யாரும் பாதுகாப்பு அலுவலர் கிட்ட தகவல் சொல்லலாம், நல்ல எண்ணத்தோட சொன்னவர் மேல கேஸ் வராது. பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலகத்துல இருப்பாங்க. அவங்க எழுதுற குடும்ப நிகழ்வு அறிக்கை, நாங்க டிஐஆர்னு சொல்லுவோம், அது மாஜிஸ்திரேட் கிட்ட போகும். வக்கீல் வெச்சு நேராவும் மனு போடலாம்.

தங்குறதுக்கு, ஒருங்கிணைந்த சேவை மையம்னு ஒண்ணு இருக்கு, சகின்னும் சொல்லுவாங்க. 181லயே அனுப்பி விடுவாங்க. தற்காலிகமா 5 நாள் வரைக்கும் தங்கலாம், பொண்ணு குழந்தையை கூட வெச்சுக்கலாம், அதுக்கப்புறம் தேவைன்னா காப்பகத்துக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. இதை ஏன் சொல்றேன்னா அவர் முதல்ல வந்து நிக்கிற இடம் உங்க வீட்டு வாசல்தான். முதல் ஒரு வாரம் அக்கா அங்க இல்லாம இருக்கிறது நல்லது. பின்னாடி வேலைக்கு போக ஆரம்பிச்சா, வேலைக்கு போற பொம்பளைங்களுக்கு கவர்ன்மென்ட் நடத்துற தோழி விடுதி மாதிரி இடங்களை பாக்கலாம்.

ஸ்டேஷன் விஷயம். 1992ல ஆயிரம் விளக்குல முதல் மகளிர் ஸ்டேஷன் தொறந்த ஊர் இது, ஆனா இன்னைக்கும் பெட்டிஷன் குடுத்தா முதல்ல ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு கவுன்சிலிங்னு உக்கார வெச்சு, எழுதி வாங்கி, சேந்து வாழுங்கன்னு அனுப்புறது நடக்குது. கழுத்தை நெரிச்ச கேஸ்ல அதுக்கு ஒத்துக்காதீங்க. பெட்டிஷன் குடுத்தா சிஎஸ்ஆர், அதாவது புகாரை வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கிற ரசீது, நம்பரோட கேட்டு வாங்குங்க, எஃப்ஐஆர் போட்டா காப்பி ஃப்ரீ. எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எங்க ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்பக்கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் இப்ப சட்டத்துலயே இருக்கு. புருஷனும் அவர் வீட்டாரும் பண்ற கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவுதான் 2024 ஜூலை 1ல இருந்து புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 85வது பிரிவு, 3 வருஷம் வரைக்கும் தண்டனை.

ஆனா கிரிமினல் கேஸ் போட்டாதான் பாதுகாப்புன்னு இல்ல. 2005 சட்டத்துல கிடைக்கிறது வேற மாதிரி. அடிக்கக்கூடாது, போன் பண்ணக்கூடாது, ஸ்கூல் பக்கம் வரக்கூடாதுன்னு உத்தரவு, மாசச் செலவு, குழந்தையை தற்காலிகமா அம்மாகிட்ட வெக்க உத்தரவு, நகையை திருப்பி குடுக்க உத்தரவு, எல்லாம் ஒரே மனுவுல கேக்கலாம். அவசரம்னா எதிர் தரப்பை கேக்காமலே இடைக்கால உத்தரவு குடுக்க 23வது பிரிவுல இடம் இருக்கு. மனு போட்டா சாதாரணமா 3 நாளுக்குள்ள முதல் ஹியரிங், 60 நாள்ல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல இழுக்கும், பொய் சொல்ல விரும்பல. பாதுகாப்பு உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். அக்கா இப்ப எங்க இருக்காங்களோ, தற்காலிகமா இருந்தாலும், அந்த ஏரியா கோர்ட்லயே போடலாம், புருஷன் வீட்டு ஏரியாவுக்கு அலைய வேண்டியதில்ல.

வீடு மாமியார் பேர்ல இருக்கேன்னு எல்லாரும் கேப்பாங்க. 2020ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு பதில் சொல்லிடுச்சு, மாமனார் மாமியார் பேர்ல இருந்தாலும் அவங்க குடும்பமா வாழ்ந்த வீடுன்னா மருமகளுக்கு அங்க குடியிருக்க உரிமை கேக்கலாம். அவரை வீட்டை விட்டு வெளிய போக சொல்லவும் கோர்ட்டால முடியும். மாமியாரை போக சொல்ல முடியாது, பொம்பளை மேல அந்த உத்தரவு போடக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அதனால அக்காவுக்கு அந்த வீட்ல இருக்கிறது நடைமுறைல எப்படின்னு நீங்களே யோசிச்சுக்குங்க. உரிமை வேற, நிம்மதி வேற.

குழந்தையை பிடுங்கிடுவேன்னு கண்டிப்பா மிரட்டுவாரு. பெத்த அம்மா கூட்டிட்டு போறது கடத்தல் கிடையாது, நீங்க இந்துவா இருந்தா 5 வயசுக்குள்ள குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னு 1956 சட்டமே சொல்லுது. ஆனா குழந்தையை விட்டுட்டு வந்து அப்புறம் கூட்டிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, திரும்ப வாங்குறது ரொம்ப கஷ்டம்.

கடைசியா ஒண்ணு, நிறைய பேர் மறந்துடுவாங்க. அக்கா கிளம்பின சாயங்காலமே அவர் போய் பொண்டாட்டி புள்ளைய காணோம்னு புகார் குடுப்பாரு, போலீஸ் தேடி வரும், எங்க இருக்காங்கன்னு அவருக்கு தெரிஞ்சுடும். அதனால முந்திக்கிட்டு ஒரு லெட்டர், நான் என் விருப்பத்துல குழந்தையோட வந்திருக்கேன், என் உயிருக்கு இவரால ஆபத்து, நான் இருக்கிற இடத்தை அவர்கிட்ட சொல்ல வேண்டாம்னு எழுதி ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்கிடணும். முகவரிக்கு வக்கீல் முகவரி போடுங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னு நிக்க வேணாம், பொம்பளைன்ற ஒரே காரணத்துக்கே, வருமானம் எவ்வளவுன்னு பாக்காம, சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவச வக்கீல் உண்டு. நம்பர் 15100, ஹைகோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு.

பட்டன்_போன்:

போன் பத்தி நான் சொல்றேன், சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், பொண்டாட்டி போனை கொண்டு வந்து ட்ராக் பண்ற ஆப் போட்டுத் தாங்கன்னு கேக்கிற ஆளுங்களை வாரத்துக்கு ஒருத்தன் பாக்கிறேன் (துரத்தி விட்டுடுவேன்).

அக்கா போன்ல இப்ப எதையும் மாத்தாதீங்க. பாஸ்வேர்ட் மாத்துறது, லொகேஷன் ஆஃப் பண்றது, ஹிஸ்டரியை மொத்தமா அழிக்கிறது எல்லாம் அவருக்கு மணி அடிச்ச மாதிரி. அந்த போன்ல பிளானே பேசாதீங்க, அவ்ளோதான். ஜிமெயில் அவர் போட்டு குடுத்ததுன்னா மேப்ல எங்க போனாங்க, யூடியூப்ல என்ன பாத்தாங்க, கேலரில என்ன ஃபோட்டோ எடுத்தாங்க எல்லாம் அவர் போன்லயே வந்துடும். காயத்தை அக்கா போன்ல ஃபோட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிட்டு அழிச்சாலும் பேக்கப்புல ஏறியிருக்கும். உங்க வொய்ஃப் போன்ல எடுங்க, முகம் தெரிய ஒண்ணு, கிட்டக்க ஒண்ணு. வாட்ஸ்ஆப்ல லிங்க்ட் டிவைசஸ்னு இருக்கும், அதுல வேற கம்ப்யூட்டர் ஏறியிருந்தா எல்லா மெசேஜும் அங்க தெரியும். பாத்துக்கலாம், எடுக்க வேணாம், கிளம்புற அன்னைக்கு எடுத்தா போதும்.

ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. அவர் நம்பரா இருந்தா பேங்க், டிஜிலாக்கர், ரேஷன் எதை தொட்டாலும் ஓடிபி அவருக்கு போகும். மையத்துல கைரேகை வெச்சு மாத்திடலாம், ஆனா அதை கிளம்பின பிறகு முதல் வேலையா வெச்சுக்குங்க. அப்படியே வேற பேங்க்ல புது அக்கவுன்ட், பழைய அக்கவுன்ட் கார்டை தொலைஞ்சு போச்சுன்னு பிளாக் பண்ணி புதுசு. உரிமைத் தொகை அக்கா பேர்ல வர்ற காசு, மாமியார் பர்ஸ்ல இருக்கிறது வெறும் பிளாஸ்டிக்.

கிளம்புற அன்னைக்கு அக்கா போன்ல இருந்து ஓலா ஊபர் எதுவும் புக் பண்ணக்கூடாது, வாசல்ல போற ஆட்டோ இல்ல பஸ். போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வீட்லயே வெச்சுட்டு வந்தாலும் நல்லதுதான், ஆனா அதுல இருக்கிற அவரோட மிரட்டல் ஆடியோ மெசேஜ் எல்லாம் முன்னாடியே வேற போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கணும். பாப்பாவோட ஸ்கூல் பேக், பொம்மை, வாட்ச் எல்லாம் ஒரு தடவை தடவிப் பாருங்க, சாவிக்கொத்துல மாட்டுற சின்ன ட்ராக்கர் 1000, 2000 ரூபாய்க்கே கிடைக்குது. உங்க வீட்ல சும்மா கிடக்கிற ஒரு பழைய பட்டன் போன், புது சிம், உங்க வொய்ஃப் பேர்ல. அது போதும் ஆரம்பத்துக்கு.

மூத்தவளோட_தம்பி:

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தைல சொல்ல முடியல. ஏரியா பேரெல்லாம் எடுத்துட்டேன். ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ஞாயித்துக்கிழமை கேன்சல்னு சொல்லிட்டேன், ஒருத்தன் என்னடா பயந்துட்டியான்றான், பதில் சொல்லல.

181ல பேசினேன். நான் பேசினா மதிப்பாங்களான்னு நினைச்சேன், பொறுமையா கேட்டாங்க, கழுத்து விஷயத்தை அவங்களும் ரெண்டு தடவை கேட்டாங்க. என் வொய்ஃப் வளைகாப்பு புடவை எடுக்கணும்னு சாக்கு சொல்லி அக்காவை தி.நகர் கூட்டிட்டு போய் அங்க இருந்து டாக்டர் கிட்ட காட்டிட்டாங்க. ஏ.ஆர். இப்ப வேணாம், போலீஸ் வீட்டுக்கு வந்தா நான் செத்தேன்னு அக்கா ஒரே பிடியா நின்னுச்சு. அதனால காட்டினதோட சரி, டாக்டர் நோட்ஸ் மட்டும் எங்ககிட்ட இருக்கு.

ஆனா பிரச்சனை என்னன்னா அக்கா இன்னும் கிளம்பறேன்னு சொல்லல. பாப்பா ஸ்கூல் ஆண்டு விழா முடியட்டும், தீபாவளி முடியட்டும்னு சொல்லுது. எனக்கு மண்டை காயுது. இவ்ளோ பேர் இவ்ளோ வழி சொல்றீங்க, அது அங்கயே உக்காந்திருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? கட்டாயப்படுத்தி கூட்டிட்டு வந்துடவா? அம்மாகிட்ட கிளம்புற நாளை சொல்லி அம்மாவை விட்டு அழ வெச்சா கேக்குமோன்னு தோணுது.

மறுபடியும்_நான்:

அம்மாகிட்ட நாள் சொல்லவே சொல்லாதீங்க. அவங்க நல்லவங்கதான், ஆனா சம்பந்தி அம்மா போன் பண்ணி நாலு வார்த்தை இனிக்க பேசினா வாய் தவறி வந்துடும். எங்க வீட்ல அப்படித்தான் வந்துச்சு.

கட்டாயப்படுத்தாதீங்க தம்பி. அந்த வீட்ல அவங்க எந்திரிக்கிறது, சாப்பிடறது, யார்கிட்ட பேசறது எல்லாம் அவர் முடிவு. இப்ப நீங்களும் வந்து கிளம்பு இல்லன்னா நான் பேச மாட்டேன்னா அவங்களுக்கு உத்தரவு போட இன்னொரு ஆம்பளை, அவ்ளோதான் வித்தியாசம். ஏன் இன்னும் இருக்கன்னு ஒரு தடவை கூட கேக்காதீங்க. என்கிட்ட எங்கண்ணன் கேட்டான், அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் அவன்கிட்ட எதையும் சொல்லல, அந்த எட்டு மாசம்தான் ரொம்ப மோசம். அண்ணி மட்டும் "நீ எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்"னு சொல்லி அதோட நிறுத்திக்கிட்டாங்க. நான் அந்த கதவுக்குதான் வந்தேன்.

தீபாவளின்னு சொல்றது சாக்கு இல்லாமயும் இருக்கலாம். அவருக்கு எப்ப போனஸ் வரும், எப்ப ஊருக்கு போவாரு, மாமியார் எந்த நாள் வீட்ல இருக்க மாட்டாங்கன்னு அவங்க கணக்கு போட்டுக்கிட்டு இருக்கலாம், உங்ககிட்ட சொல்லாம. நானும் ஒரு கல்யாணத்தை சொல்லிதான் தள்ளிக்கிட்டு இருந்தேன், அந்த கல்யாணத்துக்கு மாமியார் மூணு நாள் ஊருக்கு போனாங்க. ஆனா அதுக்குள்ள நடுவுல ஒரு ராத்திரி மோசமாச்சுன்னா என்ன பண்றதுன்றதை மட்டும் இப்பவே பேசி வெச்சுடுங்க. வார்த்தை ஒண்ணு, எதிர் வீடு ஒண்ணு, உங்க போன் சைலன்ட்ல இருக்கக்கூடாது. அந்த வார்த்தை வந்தா நீங்க நேரா அங்க ஓடாதீங்க, முதல்ல 112, அப்புறம்தான் வண்டி சாவி.

நைட்_டூட்டி:

டாக்டர்கிட்ட காட்டினதே பெருசு. நோட்ஸ்ல "புருஷன் நெரிச்சதா சொன்னாங்க"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா அதே டாக்டர்கிட்ட போய் அவங்க சொன்னதை எழுதி தர சொல்லி கேக்கலாம். உங்களுக்கும் ஒண்ணு, தூக்கம் வராது, மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். 14416ல டெலிமானஸ்னு மனநல ஆலோசனை லைன் இருக்கு, ஃப்ரீ, தமிழ்ல பேசுவாங்க. அக்காவுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க.

மூத்தவளோட_தம்பி:

சரிங்க்கா. கேக்கறதை நிறுத்திட்டேன். கதவு விஷயத்தை வொய்ஃப் மூலமா சொல்லி அனுப்பினேன்.

இன்னைக்கு சாயங்காலம் அக்கா யார்கிட்டயோ ஒரு கவர் குடுத்து அனுப்பியிருக்கு, ப்ளவுஸ் பிட்டு, அளவு ப்ளவுஸ் ஒண்ணு. என் வொய்ஃப் தைக்க மாட்டாங்க, இது எதுக்குன்னு பிரிச்சு பாத்தா துணி மடிப்புக்குள்ள பாப்பாவோட பர்த் சர்டிபிகேட் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

மறுபடியும்_நான்:

சந்தோஷம் தம்பி. இப்ப அந்த கடைசி பாராவை எடுத்துடுங்க. என்னோட டெய்லர் கதையையும் நான் எடுத்துடறேன். இனிமே அக்கா பத்தி இங்க எதுவும் எழுத வேணாம், முடிஞ்சதுக்கு அப்புறமும் ஒரு ஆறு மாசத்துக்கு.

மூத்தவளோட_தம்பி:

எடுக்கறேன்க்கா. போன் சைலன்ட்ல இல்ல.